எழுதும் கையையும் சுமக்கும் முதுகையும் பார்த்த வைத்தியர்

காலை ஒன்பது மணிக்குக் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திசைக்கொருவராகப் பிரிகிறார்கள். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்குகிறவர்கள் ஒரு பக்கம். ஜவுளிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் இரவு வரை நின்றபடியே வியாபாரம் பார்க்கும் ஆண்களும் பெண்களும் இன்னொரு பக்கம். கோட்டைக்குள்ளும் தம்பானூரிலும் உள்ள ஆபீஸ்களில் மாலை வரை நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தாக்கள் வேறொரு பக்கம். தையல் மெஷின் மீது குனிந்திருப்பவர், அடுப்பங்கரையில் வேகும் ஓட்டல் சிப்பந்தி, சாக்கடை வாரும் தொழிலாளி என்று இந்தப் பட்டியல் நீளும்.

மாலையில் வீடு திரும்பும்போது ஒருவருக்கு இடுப்பு பிடித்திருக்கும். ஒருவருக்குக் கால் வீங்கியிருக்கும். ஒருவருக்குக் கழுத்து திரும்பாது. வயசாகிவிட்டது என்றோ, வாயு என்றோ, தலையெழுத்து என்றோ சொல்லித் தைலத்தைத் தேய்த்துக் கொண்டு படுத்து விடுவது நம்மவர் வழக்கம். இது தலையெழுத்து அல்ல, செய்யும் தொழிலின் விளைவு என்று 300 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் இத்தாலி நாட்டு வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் இன்று அவரைப் போற்றுகிறது.

இளமை

வட இத்தாலியில் மோடெனா நகருக்குப் பக்கத்தில் கார்பி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1633-ம் ஆண்டில் ராமஸ்ஸினி பிறந்தார். உள்ளூரில் ஆரம்பக் கல்வி முடித்தபின் பார்மா நகருக்குச் சென்று தத்துவமும் வைத்தியமும் பயின்றார். 1659-ல் பட்டம் பெற்றார். மேற்பயிற்சிக்காக ரோம் சென்றவர், அதன் வடக்கே உள்ள சிற்றூர்களில் ஊர் வைத்தியராகப் பணியாற்றினார். கொசுக்கள் நிறைந்த பகுதி அது. நோயாளிகளைக் குணப்படுத்தப் போன வைத்தியரையே மலேரியா பிடித்துக் கொண்டது. உடல் நலிந்து சொந்த ஊருக்குத் திரும்பினார்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போய், அங்கே நோயை வாங்கிக் கொண்டு திரும்பி வரும் துயரத்தை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. தம் உடம்பிலேயே அனுபவித்தார்.

உடல் தேறியபின் 1671-ல் மோடெனா நகரில் குடியேறினார். மெல்ல மெல்லப் பெயர் பரவிற்று. 1682-ல் அந்நகரின் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அரச குடும்பத்தினரும் செல்வந்தர்களும் நாடி வந்தார்கள். அவர் விரும்பியிருந்தால் அந்த மாளிகைகளோடு நின்றிருக்கலாம். அவருடைய வாழ்வை வேறு பக்கம் திருப்பியது ஒரு மலக்குழி.

மலக்குழியில் பிறந்த கேள்வி

மோடெனாவில் வீடுகள் நெருக்கமானவை. வீட்டு மலக்குழிகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்து வாருவது அங்கே வழக்கம். ராமஸ்ஸினியின் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். குழியில் இறங்கிய ஒருவர் மூச்சு விடவும் நேரமில்லாதவர்போல அவசர அவசரமாக வேலை செய்வதை வைத்தியர் கவனித்தார். இவ்வளவு வேகம் எதற்கு, கொஞ்சம் நிதானமாகச் செய்தால் களைப்பு வராதே என்று இரக்கத்தோடு விசாரித்தார்.

அந்தத் தொழிலாளி குழியிலிருந்தபடியே தலையை நிமிர்த்தினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருந்தால் கண் போய்விடும். அதனால்தான் இந்த ஓட்டம் என்று விளக்கினார். அவர் வெளியே வந்ததும் ராமஸ்ஸினி அவருடைய கண்களைச் சோதித்துப் பார்த்தார். கண்கள் சிவந்து, பார்வை மங்கிக் கிடந்தது. இதற்கு என்ன மருந்து செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போய் இருட்டறையில் அடைந்து கிடப்போம், வெதுவெதுப்பான நீரால் கண்ணைக் கழுவுவோம், அவ்வளவுதான் என்பதே கிடைத்த பதில். இந்தத் தொழிலில் கண்ணை இழந்தவர்கள் அதே நகரத் தெருக்களில் பிச்சையெடுப்பதையும் பின்னர் ராமஸ்ஸினி கண்டார்.

பல்கலைக் கழகத்துப் பேராசிரியருக்குத் தெரியாத ஒரு வைத்திய உண்மை மலக்குழித் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. இந்த எண்ணம் அவரை விடவில்லை. அன்று முதல் அவருடைய கால்கள் பட்டறைகளை நோக்கி நடந்தன.

ஒரு கேள்வி கூடுதல்

குயவர், கொல்லர், கண்ணாடிக்கு ரசம் பூசுவோர், தச்சர், நெசவாளர், சலவையாளர், ரொட்டி சுடுவோர், அச்சுக் கோப்போர், மீனவர், உழவர் என்று ஒவ்வொருவரும் வேலை செய்யும் இடத்துக்கே அவர் போனார். புழுதியையும் நாற்றத்தையும் பொருட்படுத்தவில்லை. முக்காலி கிடைத்தால் முக்காலியில் உட்கார்ந்து பொறுமையாக விசாரித்தார்.

கிரேக்க வைத்திய மேதை ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில வரையறுக்கப்பட்டிருந்தன. என்ன உபாதை, எத்தனை நாளாக, என்ன சாப்பிட்டீர்கள் என்பது போன்றவை அவை. அத்துடன் என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று ராமஸ்ஸினி வற்புறுத்தினார். ஏழை நோயாளியைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி மிகவும் அவசியம் என்பது அவர் கொள்கை. மருத்துவ உலகுக்கு அவர் அளித்த பெரும் கொடை இந்த ஒரே ஒரு கேள்விதான்.

இப்படிச் சேர்த்த செய்திகளையெல்லாம் தொகுத்து, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தம் நூலை 1700-ம் ஆண்டில் லத்தீன் மொழியில் வெளியிட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட தொழில் வகைகள் அதில் அலசப்பட்டிருந்தன. அப்போது அவருக்கு வயது 67.

நிற்பவரும் இருப்பவரும்

தொழில் நோய்களுக்கு இரண்டு காரணங்களை அவர் கண்டார். ஒன்று, கையாளும் பொருளிலிருந்து வரும் தீங்கு. குயவர் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்தினால் கை நடுங்குவதும், ரசம் பூசுவோரைப் பாதரசம் வாட்டுவதும் இந்த வகை. மற்றொன்று, உடம்பை இயல்புக்கு மாறாக வளைத்தும் நிறுத்தியும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தும் வரும் தீங்கு. இந்த இரண்டாவது வகைதான் கடைச் சிப்பந்திக்கும் குமாஸ்தாவுக்கும் மிகவும் சொந்தமானது.

நடப்பதைவிட நிற்பது ஏன் அதிகக் களைப்பைத் தருகிறது என்று அவர் ஆராய்ந்தார். நடக்கும்போது தசைகள் மாறி மாறி வேலை செய்து மாறி மாறி ஓய்வும் பெறுகின்றன. நிற்கும்போதோ ஒரே தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. நின்றே வேலை செய்வோருக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைப்பதும், ஆறாத புண் வருவதும் இதனால்தான் என்றார். நடுநடுவே உட்கார வேண்டும், நடக்க வேண்டும், உடம்பை அசைக்க வேண்டும் என்பது அவர் தந்த பரிகாரம்.

உட்கார்ந்தே வேலை செய்யும் தையற்காரர், செருப்புத் தைப்பவர் ஆகியோர் முதுகு கூனிப் போவதையும் அவர் எழுதினார். விடுமுறை நாளிலாவது நன்றாக உடற்பயிற்சி செய்யச் சொன்னார். நுணுக்க வேலை செய்வோர் இடையிடையே தலையை நிமிர்த்திக் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும் என்றார். மூட்டை சுமப்போரின் முதுகு வளைவதையும், அவர்களுக்குக் குடலிறக்கம் உண்டாவதையும் பதிவு செய்தார்.

குமாஸ்தாவின் கை

1713-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது மேலும் 12 தொழில்களைச் சேர்த்தார். எழுத்து வேலை செய்வோரைப் பற்றிய பகுதியும் அவற்றில் ஒன்று. குமாஸ்தாவின் நோய்க்கு மூன்று காரணங்களை அவர் கூறினார். எழாமல் உட்கார்ந்திருப்பது முதலாவது. கை ஓயாமல் ஒரே திசையில் அசைவது இரண்டாவது. கணக்கில் தவறு நேர்ந்து எஜமானுக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம் மூன்றாவது. இந்த மூன்றாவது காரணத்தைப் படிக்கும் எந்தக் குமாஸ்தாவும் ஒரு பெருமூச்சு விடாமல் இருக்க மாட்டார்.

தமக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரின் கதையையும் அவர் எழுதி வைத்தார். வாழ்நாளெல்லாம் எழுதி எழுதி அந்த மனிதரின் வலக் கை முதலில் சோர்ந்தது. எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. கடைசியில் அந்தக் கை முற்றிலும் செயலற்றுப் போயிற்று. பிழைப்பு நடக்க வேண்டுமே என்று அவர் இடக் கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அந்தக் கையையும் அதே நோய் பற்றிக் கொண்டது. இறகுப் பேனாவின் காலம் போய்க் கம்ப்யூட்டர் வந்த பின்னும், விசைப்பலகையைத் தட்டித் தட்டி மணிக்கட்டு வலிக்கிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

கடைசி நாட்கள்

நூல் வெளியான 1700-லேயே புகழ்பெற்ற பாதுவா பல்கலைக் கழகம் அவரை அழைத்துக் கொண்டது. ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. கடும் தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் வாட்டின. பார்வையும் போய்விட்டது. மலக்குழித் தொழிலாளியின் கண்ணைக் கண்டு இரங்கியவருக்கே கடைசியில் கண் தெரியாமல் போயிற்று. அப்படியும் பாடம் நடத்துவதை அவர் கைவிடவில்லை. 1714 நவம்பர் 5-ந் தேதி வகுப்புக்குப் புறப்படும் வேளையில் வாதம் தாக்கி, 81 வயதில் காலமானார்.

அவர் நூல் 1705-லேயே ஆங்கிலத்தில் வெளிவந்தது. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட தம் பெருநூலில் ராமஸ்ஸினியைக் குறிப்பிட்டிருக்கிறார். பிறந்த ஊரான கார்பியில் அவர் பெயரால் 1982-ல் ஒரு சர்வதேச மருத்துவ அறிஞர் சங்கம் அமைந்தது. உழைப்பவருக்கு ஏற்ப வேலையையும் கருவியையும் அமைக்கும் எர்கோனாமிக்ஸ் என்ற இயலின் வேர்களைத் தேடுவோர் அவருடைய நூலுக்கு வந்து சேர்கிறார்கள்.

நம் ஊரில்

ராமஸ்ஸினி யோசனை சொன்னார். அது சட்டமாவதற்குத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. 1948-ல் நம் நாடு இயற்றிய தொழிற்சாலைகள் சட்டத்தில், நின்று வேலை செய்வோருக்கு வாய்ப்புள்ள நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும், உடலுக்குத் தீங்கு தரும் பாரத்தைச் சுமக்க வைக்கக் கூடாது என்றும் விதிகள் இடம் பெற்றன. 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயது வந்த ஆண் தொழிலாளியின் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1978-ல் கேரளம் சுமட்டுத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது.

கடைச் சிப்பந்திகளுக்கு நாற்காலி கிடைக்க இன்னும் நாற்பதாண்டு ஆயிற்று. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் தொடங்கிய கிளர்ச்சியின் பயனாக 2018-ல் கேரளமும், 2021-ல் தமிழ்நாடும் கடைச் சிப்பந்திகளுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. 1700-ல் ஒரு வைத்தியர் எழுதியதை நாம் ஏற்க 318 ஆண்டுகள் பிடித்தன.

மலக்குழியின் கதை இன்னும் முடிந்தபாடில்லை. மனிதரைக் கழிவுக் குழியில் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆள்நுழைவுக் குழியைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் என்ற இயந்திரம் 2018-ல் இதே திருவனந்தபுரத்தில்தான் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டி ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடியபின் உடல்தான் கிடைத்தது. சட்டமும் இயந்திரமும் ஒரே ஊரில் இருந்தும் ஓர் உயிர் போயிற்று.

தொழிலை விட்டுவிடு என்று ஏழையிடம் சொல்வது வைத்தியம் ஆகாது என்பதை ராமஸ்ஸினி அறிந்திருந்தார். செய்யும் தொழிலிலேயே செய்யக் கூடியதைத்தான் அவர் தேடினார். நாமும் சிலவற்றைச் செய்து கொள்ளலாம். கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். முழங்கை மேஜை உயரத்திலும் பாதங்கள் தரையிலும் பதியட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்து அடி நடக்கலாம். சட்டம் தந்த ஸ்டூல் கடையில் இல்லையென்றால் சங்கத்தின் மூலம் கேட்டு வாங்கலாம். மூட்டையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழலாம்.

இன்னும் ஒன்று. இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நீண்ட வரிசையும் நெருக்கடியும் காரணமாக டாக்டர் கேட்க மறந்துவிடலாம். நான் நாள் முழுதும் நிற்கிறவன், நான் மூட்டை தூக்குகிறவன், நான் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறவள் என்று நாமே முந்திக் கொண்டு சொல்லிவிட வேண்டும். ராமஸ்ஸினி சேர்த்து வைத்த கேள்விக்கு அதுதான் பதில்.