விட்டுப்போன ஓர் எண்!

திருச்செந்தூருக்குப் பக்கத்தில் உள்ள ஆலந்தலை கடற்கரையில் நீங்கள் 12 சிப்பிகள் பொறுக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை 2 பேர், 3 பேர், 4 பேர், 6 பேர் என்று மீதியில்லாமல் பங்கு போடலாம். 13 சிப்பிகள் என்றால்? ஆளுக்கு ஒன்றாக 13 பேர் வேண்டும். இல்லாவிட்டால் சண்டைதான்!

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என 6 காரணிகள் உண்டு. 12-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வென்றுவிடும் எண்கள் எவை? இதை ஆராய்ந்தவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். எந்நேரமும் கணக்கிலேயே மூழ்கியிருந்ததால் மற்ற பாடங்களில் தோற்றார். கல்லூரிப் படிப்பை முடிக்க முடியவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த பேராசிரியர் ஹார்டி, இங்கிலாந்துக்கு அழைத்தார். 1914-ல் ராமானுஜன் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-ல் இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். ஓர் எண் தன்னைவிடச் சிறிய எல்லாவற்றையும் வெல்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுள் போதாதே! அதனால் அவர் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். அத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைவான தடவை வரவே வராது. 60 = 2×2×3×5 என்பதைப் பாருங்கள். இந்த விதிக்கு ஒத்துவராத எண்களை யோசிக்காமல் தள்ளிவிடலாம். மிச்சமுள்ள சிலவற்றைச் சோதித்தால் போதும்.

கால்குலேட்டர் இல்லாத அந்தக் காலத்தில், 13 இலக்க எண்வரை பட்டியல் போட்டுவிட்டார் ராமானுஜன்! இந்த ஆராய்ச்சிக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தந்தது.

பின்னாளில் அந்தப் பட்டியலைச் சரிபார்த்தபோது ஓர் எண் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அது 2,93,31,86,25,600. நீங்களே சோதிக்கலாம். அதைப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வரும். ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 காரணிகள்!

பார்த்தீர்களா? எழுதிய விடை சரியா என்று பார்ப்பது ஒரு சோதனை. எதுவும் விட்டுப்போகவில்லையே என்று பார்ப்பது இன்னொரு சோதனை. இரண்டாவதுதான் கடினம்; மேதையின் கண்ணுக்கே தப்பிவிட்டது!

இதனால் ராமானுஜன் புகழ் குறைந்ததா? இல்லவே இல்லை. அவரது விதி இன்றும் அப்படியே நிற்கிறது. வழியை அவர் தெளிவாக எழுதி வைத்ததால்தான் மற்றவர்களால் சரிபார்க்க முடிந்தது.

1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளைத் தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. 12-க்கும் 60-க்கும் நடுவே இதுபோல் 3 எண்கள் உள்ளன. கண்டுபிடியுங்கள். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது, சரியா?