அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதிய திலகர்: வல்லரசின் வாக்கை அவர் எப்படிக் கணக்குப் போட்டார்?

புனேயில் வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் விநாயகர் சதுர்த்தி நேரத்தில் நாராயண் பேட்டையில் கால் வைக்க இடம் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். பால கங்காதர திலகர் வாழ்ந்த கேசரி வாடா அங்கேதான் இருக்கிறது.

சுயராஜ்ஜியம் கேட்டவர், சிறைக்குப் போனவர், வ.உ.சி.யும் பாரதியும் தலைவராக ஏற்றவர். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த திலகர் இவ்வளவுதான். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் இந்தியாவின் வழக்கை அமெரிக்க அதிபரிடமே கொண்டுபோனார் என்பது பலருக்கும் தெரியாது.

வாஷிங்டனில் ஒரு கையெழுத்து போட்டால் ஹிஞ்சவடியில் இருக்கும் உங்கள் வேலை ஆட்டம் காணும் காலம் இது. வல்லரசின் வார்த்தையை எவ்வளவு தூரம் நம்பலாம்? திலகரின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

யார் இந்தத் திலகர்?

1856-ல் ரத்னகிரியில் பிறந்தவர். புனே டெக்கான் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1880-ல் நண்பர்களோடு சேர்ந்து நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மராத்தியில் கேசரி, ஆங்கிலத்தில் மராட்டா என இரண்டு பத்திரிகைகள். 1885-ல் வந்த ஃபெர்குசன் கல்லூரியிலும் அவர் பங்கு உண்டு.

எழுத்துக்காகவே 1897-லும் 1908-லும் ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்றார். இரண்டாவது முறை பர்மாவின் மாண்டலே சிறையில் ஆறு ஆண்டுகள். 1914-ல் அவர் வெளியே வந்த சில வாரங்களில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. 1916-ல் ஹோம் ரூல் லீக்கை ஆரம்பித்தார். அதே ஆண்டு சென்னையில் அன்னி பெசன்ட்டும் தனியாக ஒரு லீக் தொடங்கினார்.

அமெரிக்கா எங்கே வந்தது?

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. பிரிட்டன் அப்போது அமெரிக்கக் கடனை நம்பித்தான் சண்டை போட்டது. ஆக, லண்டன் யார் பேச்சைக் கேட்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். மதுரையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ்.சுப்பிரமணிய ஐயர். 1917 ஜூனில் இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு அதிபர் உட்ரோ வில்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் அரசு கடுமையாகக் கண்டித்ததும், தனக்குக் கொடுத்திருந்த சர் பட்டத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1918 ஜனவரியில் வில்சன் 14 அம்சத் திட்டத்தை அறிவித்தார். அடுத்த மாதமே சுயநிர்ணய உரிமை பற்றியும் பேசினார். கெய்ரோ, சியோல், புனே என எல்லா ஊரிலும் அது தங்களுக்காகச் சொன்னதாகவே படித்தார்கள். வில்சன் மனதில் இருந்தது பெரும்பாலும் ஐரோப்பாதான்.

லண்டனில் என்ன நடந்தது?

1918 இறுதியில் திலகர் லண்டனில் இருந்தார். தன்னைப் பற்றித் தவறாக எழுதிய பத்திரிகையாளர் வாலன்டைன் சிரோல் மீது அவதூறு வழக்குப் போட்டிருந்தார். அதில் தோற்றார், பெரிய செலவும் ஆனது. அதற்கிடையில் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குக் காங்கிரஸ் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தது. திலகர், காந்தி, ஹசன் இமாம்.

பிரிட்டிஷ் அரசு திலகரைப் பாரிஸ் போகவே விடவில்லை. இந்தியா சார்பில் பிகானிர் மகாராஜாவும் எஸ்.பி.சின்ஹாவும் போனார்கள். இருவரும் அரசு பொறுக்கிய ஆட்கள். போருக்கு வெளிநாடு போன இந்திய வீரர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் நாட்டுக்காகப் பேச, நாடு தேர்ந்தெடுத்தவருக்கு அனுமதி இல்லை.

போக முடியலைன்னா என்ன, எழுதலாமே? வில்சனுக்கும் மாநாட்டுத் தலைவர் கிளெமான்சோவுக்கும் எழுதினார். கெஞ்சும் கடிதங்கள் இல்லை அவை. சுதந்திர இந்தியா இருந்தால்தான் ஆசியாவில் அமைதி நிலைக்கும், புதிதாக வரும் சர்வதேச சங்கத்துக்கும் அது பலம் என்று, எதிராளிக்கு என்ன லாபம் என்பதைக் காட்டி வாதாடினார்.

வில்சனின் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. உரிய நேரத்தில் உரியவர்கள் கவனிப்பார்கள் என்பதுதான் அதன் சாரம். நம் ஆபீஸ்களில் வரும் பதில் மாதிரியே இருக்கிறது, இல்லையா?

ஏன் கைவிட்டது அமெரிக்கா?

பிரிட்டனைப் பகைத்துக்கொண்டால் சர்வதேச சங்கம் என்ற தன் கனவு கலைந்துவிடும் என்பது வில்சனின் கணக்கு. அதனால் 1919 ஏப்ரலில் எகிப்து மீதான பிரிட்டனின் அதிகாரத்தை அமெரிக்கா அங்கீகரித்தது. இன சமத்துவம் கேட்டு ஜப்பான் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தும், ஒருமித்த கருத்து இல்லை என்று தலைமையில் இருந்த வில்சன் தள்ளிவிட்டார். அதே மாதம் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. கடைசியில் அமெரிக்க செனட்டே ஒப்பந்தத்தை நிராகரித்தது. வில்சன் பெற்ற சங்கத்தில் அவர் நாடே சேரவில்லை.

திலகருக்கு என்ன மிச்சம்?

அவர் ஒரே கதவை மட்டும் தட்டவில்லை, கவனியுங்கள். அதுவரை தனியாக ஆட்சி அமைத்திராத பிரிட்டிஷ் லேபர் கட்சியோடு லண்டனில் உறவை வளர்த்தார், நிதியும் கொடுத்தார். 1919 இறுதியில் ஊர் திரும்பி, நேரே காங்கிரஸ் வேலையில் இறங்கினார். 1920 ஆகஸ்ட் 1-ல் பம்பாயில் காலமானார். 1947-ல் இந்தியா சுதந்திரம் பெற்றபோது பிரிட்டனில் இருந்தது லேபர் அரசு.

வல்லரசு சொல்லும் கொள்கை, அதன் நண்பனின் வீட்டு வாசலில் நின்றுவிடும். திலகர் அந்தக் கொள்கையைப் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் பலத்தைப் புனேயிலும் பம்பாயிலும்தான் சேர்த்துவைத்தார். அடுத்த முறை வாஷிங்டனிலிருந்து ஒரு வாக்குறுதியோ மிரட்டலோ வரும்போது, இந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.