கார் டிக்கியில் கட்டிகள்... ஸ்கேன் பிறந்த கதை!

வயித்துல ஏதோ கட்டி மாதிரி இருக்குனு டாக்டர் சொன்னா, அடுத்து நாம ஓடுறது ஸ்கேன் சென்டருக்குத்தான். அந்த வழியைப் போட்டவர்களில் முக்கியமானவர், இயான் டொனால்ட்.

1910-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை டாக்டர். எரியும் விமானத்துக்குள் புகுந்து வீரர்களைக் காப்பாற்றியவர். 1954-ல் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் ஆனார்.

உலோகத்தில் விரிசல் இருக்கானு பார்க்க, ஃபேக்டரிகளில் அப்போதே ஒலி அலைக் கருவி இருந்தது. இதே வேலையை உடம்புக்குள்ள செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1955-ல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் ஃபேக்டரிக்கே போய்விட்டார் மனிதர்! நீர்க்கட்டி ஒரு மாதிரியும், சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

இன்ஜினீயர் டாம் பிரவுன், டாக்டர் ஜான் மெக்விகார் இருவரும் கைகோத்தார்கள். கிண்டலும் கூடவே வந்தது. அப்போதுதான், இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை ஸ்கேன் செய்தார்கள். தெரிந்ததோ, சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி. அதை அகற்றினார்கள். அவர் பிழைத்தார். 1958-ல் 'லான்செட்' இதழில் இவர்களின் ஆய்வு வந்தது. கிண்டல் அடங்கியது.

டொனால்ட் 1987-ல் மறைந்தார். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையத்தை, வயிற்றின் மேலிருந்து பார்த்தால் வாயு மறைக்கும். அதனால் இன்று எண்டோஸ்கோப்பி குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவியை வைத்து, வாய் வழியே அனுப்பிப் பக்கத்தில் இருந்தே பார்க்கிறார்கள். கேள்வி மட்டும் அதேதான்: உள்ளே இருப்பது நீரா, சதையா?