மூன்று கண்டங்களில் சிறகு விரித்தவர்

பிரம்மதேசத்துக் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கண்டு வரலாறு அறிகிறோம். உலோகத்தால் ஆன கல்வெட்டுகளும் உண்டு. சென்னை கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள ‘மாருத்’ போர் விமானம் அத்தகையது. அதைப் பார்த்து வியப்போர் பலர். அதை வடிவமைத்தவர் யார் என்று கேட்போர் சிலரே. அவர்தாம் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் குர்ட் டாங்க்.

1898 பிப்ரவரி 24 அன்று பிராம்பர்க் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அந்நகர் இன்று போலந்தில் உள்ளது. முதல் உலகப் போரில் வானில் பறக்க விரும்பிய இளைஞருக்குக் கிடைத்தது குதிரைப்படை வேலை. போர் முடிந்ததும் பெர்லினில் மின்பொறியியல் பயின்றார். 1931-இல் பிரெமன் நகரின் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். தாம் வரைந்த விமானத்தைத் தாமே ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். 1937-இல் ‘காண்டார்’ பயணிகள் விமானத்தின் முதல் பறப்பிலும் அவரே விமானியாக அமர்ந்தார். மறு ஆண்டு அவ்வகை விமானம் ஒன்று பெர்லினிலிருந்து எங்கும் இறங்காமல் சுமார் 25 மணி நேரத்தில் நியூயார்க்கை அடைந்து உலகை வியக்க வைத்தது. மனிதரைச் சுமக்கப் பிறந்த அவ்விமானம், போர் மூண்டதும் அட்லாண்டிக் கடலில் கப்பல்கள்மீது குண்டு வீசியது!

1939-இல் பறந்த ‘ஃபோக்கே-வுல்ஃப் 190’ அவர் பெயரை நிலைநாட்டியது. பந்தயக் குதிரையைப் போல் விரைந்தால் மட்டும் போதாது, படைக்குதிரையைப் போல் எதையும் தாங்கவேண்டும் என்பது குதிரைப்படையில் அவர் கற்ற பாடம். ஐரோப்பிய வல்லுநர் பலர் திரவத்தால் குளிரும் எஞ்சினை நாடியபோது, அவர் காற்றால் குளிரும் எஞ்சினைத் தேர்ந்தார். 1942-இல் ஜெர்மானிய விமானி ஒருவர் வழி தவறி வேல்ஸ் நாட்டு விமானத்தளத்தில் இறங்கியபோதுதான் ஆங்கிலேயர் அதன் நுட்பங்களை முழுமையாக ஆராய முடிந்தது. இருபதாயிரம் அளவில் அவ்வகை விமானங்கள் உருவாயின. ஆனால் நாஜி ஆட்சியின் விமானத் தொழிற்சாலைகளில் பிறநாட்டு மக்கள் கட்டாய உழைப்பில் வதைபட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அறிவு எவர் கையில் ஆயுதமாகிறது என்பதும் வரலாறு கேட்கும் கேள்வியே.

ஜெர்மனி வீழ்ந்தது. 1947-இல் டாங்க் மாற்றுப் பெயரில் அர்ஜென்டினா சென்றார். அங்கு அவர் வடிவமைத்த ‘புல்கி 2’ ஜெட் விமானம் 1950-இல் பறந்தது. 1955-இல் பெரோன் ஆட்சி கவிழ, அம்முயற்சியும் நின்றது. 1956-இல் பாரதம் அவரை அழைத்தது.

பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அவர் தலைமையில் நம் பொறியாளர்கள் ‘மாருத்’தை வடிவமைத்தனர். முதலில் முழு அளவிலான மரவிமானம் ஒன்றை எஞ்சினின்றிப் பறக்கவிட்டு வடிவைச் சோதித்தனர். 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் என்னும் விமானப்படை வீரர் மாருத்தை வானில் செலுத்தினார். ஆசியாவில் ஒரு புதிய நாடு தன் மண்ணிலேயே ஜெட் போர் விமானம் படைத்தது!

ஆயினும் குறை ஒன்று இருந்தது. அவ்வுடலுக்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. ஒலியினும் இருமடங்கு வேகம் வேண்டும் என்பது நோக்கம். அதற்குத் தகுந்த எஞ்சினை உருவாக்கும் செலவை ஏற்க நம் அரசு முன்வரவில்லை. எகிப்துடன் கூடிச் செய்த முயற்சியும் கைகூடவில்லை. வலுக்குறைந்த ‘ஆர்ஃபியஸ்’ எஞ்சின்கள் இரண்டைக் கொண்டு ஒலிவேகத்தை எட்டுவதே அரிதாயிற்று. எஞ்சினுக்குக் கூடுதல் விசை சேர்க்கும் சோதனையில் 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டுப் போரில் இராஜஸ்தான் எல்லையில் மாருத் விமானங்கள் தாழப் பறந்து தரைப்படைக்குத் துணை நின்றன. மொத்தம் 147 விமானங்கள் உருவாயின; 1990-இல் அவை பணி ஓய்வு பெற்றன.

டாங்க் 1960-களின் இறுதியில் தாயகம் திரும்பி, 1983 ஜூன் 5 அன்று மியூனிக்கில் மறைந்தார். அவருடைய விமானங்கள் இன்று அருங்காட்சியகங்களில் வாழ்கின்றன. புல்கி அர்ஜென்டினாவில் இருக்கிறது. மாருத் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ளது. மியூனிக் அருகேயுள்ள ஷ்லைஸ்ஹைம் விமானக் காட்சிக்கூடத்திலும் ஒன்று உண்டு. நார்வேக் கடலடியில் கிடந்த காண்டார் ஒன்று 1999-இல் மீட்கப்பட்டுப் பிரெமனில் புத்துயிர் பெற்றது.

மாணவத் தோழர்களே! மாருத்துக்குப் பின் நாம் படைத்த ‘தேஜஸ்’ விமானமும் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறக்கிறது. சிறகை நமக்கு அயல்நாட்டு அறிஞர் ஒருவர் கற்பித்தார். இதயத்தை நாமே படைத்தாக வேண்டும். உலோகவியலும் வெப்பவியலும் அறிந்த இளைஞர்க்கு அப்பணி காத்திருக்கிறது. நம் வகுப்பறையில் இயற்பியல் நூலைப் புரட்டும் ஒருவர் ஏன் அதை ஏற்கக்கூடாது?