வெள்ளைத்தாள் வைத்துத் தைத்த வேதாகமம்: ஜோனத்தான் எட்வர்ட்ஸ்



ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்றாலே நம்ம ஜனங்களுக்கு ஒரே ஒரு பிரசங்கம்தான் ஞாபகம் வரும். 1741 ஜூலை 8, அமெரிக்காவில் என்ஃபீல்டு என்ற ஊர், உபாகமம் 32:35. கோபமுள்ள தேவனுடைய கரத்தில் பாவிகள் என்ற அந்தச் செய்தியைப் பற்றி எழுப்புதல் கூட்டங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! கையை வீசி, மேடையில் குதித்துப் பேசுகிறவர் அல்ல அவர். எழுதிக் கொண்டுவந்ததை நிதானமாகச் சொன்னார். ஜனங்கள் அலறின அலறலில் அவர் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே பிரசங்கத்தை அதற்கு முந்தின மாதம் தன் சொந்த சபையில் செய்தபோது அப்படி ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆவியானவர் கிரியை செய்கிற வேளை நம்ம கையில் இல்லை, பாருங்க.

ஆனால் இந்த மாதம் நான் எழுத விரும்புகிறது அந்த மேடையைப் பற்றி அல்ல, அந்த மனுஷனுடைய மேஜையைப் பற்றி.

எட்வர்ட்ஸ் 1703 அக்டோபர் 5-ல் கனெக்டிகட்டில் ஈஸ்ட் வின்ட்சர் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தீமோத்தேயு எட்வர்ட்ஸ் அந்த ஊர் போதகர். பதினொரு பிள்ளைகளில் இவர் ஒருவரே ஆண்பிள்ளை. பதின்மூன்று வயது நிறையுமுன்னே கல்லூரியில் சேர்ந்தார். அதுதான் பிற்பாடு யேல் என்று பெயர் பெற்றது. கொஞ்ச காலம் நியூயார்க்கில் ஒரு சிறு சபைக்குப் பிரசங்கித்தார். 1727-ல் மாசசூசெட்ஸில் நார்த்தாம்ப்டன் சபையில் தாய்வழித் தாத்தா சாலமோன் ஸ்டாடர்டுக்கு உதவி ஊழியராக அபிஷேகம் பண்ணப்பட்டார். அதே வருஷம் சாரா பியர்பாண்டை விவாகம் செய்தார். 1729-ல் தாத்தா மரித்தார். இருபத்தைந்து வயதில் முழு சபையும் இவர் தோளில்!

இவ்வளவும் பைபிள் காலேஜில் சபைச் சரித்திர வகுப்பில் கேட்டதுதான். அங்கே சொல்லிக் கொடுக்காத ஒரு காரியம், இவர் எப்படிக் குறிப்பு எழுதினார் என்பது.

அந்தக் காலத்தில் காகிதம் விலை உயர்ந்தது. பழைய கடிதத்தின் பின்பக்கம், கடைக் கணக்குச் சீட்டு, ஒன்றையும் அவர் வீணாக்கவில்லை. ஆராதனையில் விசுவாசிகள் எழுதிக் கொடுக்கிற ஜெப விண்ணப்பச் சீட்டுகள் நம்ம சபையிலும் உண்டு, இல்லையா? அப்படிப்பட்ட சீட்டுகளின் வெற்றிடத்திலும் பிரசங்கக் குறிப்பு எழுதினார். குதிரையில் போகும்போது ஒரு எண்ணம் வந்தால் ஒரு துண்டுக் காகிதத்தைச் சட்டையில் ஊசியால் குத்திக்கொள்வாராம். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தத் துண்டு எந்த எண்ணத்துக்கு என்று நினைவுபடுத்தி எழுதுவாராம். இப்படி அவருடைய சரித்திரத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

நோட்டுகள் ஒன்றல்ல. பொதுவான சிந்தனைகளுக்கு ஒன்று: அதில் ஏறக்குறைய 1,400 குறிப்புகள், பெரும்பாலானவைகளுக்கு நம்பர். வேத வசனங்களுக்கென்று 1724-ல் தொடங்கினது இன்னொன்று: அதிலே 500-க்கும் மேல் குறிப்புகள், அவைகளுக்கும் நம்பர். வெளிப்படுத்தின விசேஷத்துக்குத் தனி நோட்டு. இவற்றைத் தவிர பிரசங்கங்கள், கையால் தைத்த சின்னச் சின்னப் புத்தகங்களாக.

நம்பர் போட்டு எழுதினால் மட்டும் போதுமா? பத்து வருஷம் போனபின் ரோமர் 8:28-ஐப் பற்றி எங்கே எழுதினேன் என்று தேடினால்? இந்தக் கஷ்டம் ஊழியம் செய்கிற நம்ம எல்லாருக்கும் தெரியும். பகலில் வேலை, ராத்திரியில் பிரசங்க ஆயத்தம் என்று ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். என் அலமாரியில் இருபது வருஷத்து நோட்டுகள் தேதி வரிசையில் நிற்கின்றன. தேதி தெரிந்தால் குறிப்பு கிடைக்கும். வசனம் மட்டும் தெரிந்தால் ஒரு சாயங்காலம் போய்விடும்.

எட்வர்ட்ஸுக்கு 1730 வாக்கில் ஒரு விசேஷித்த வேதாகமம் வந்து சேர்ந்தது. மனைவியின் சகோதரன் பெஞ்சமின் பியர்பாண்டிடமிருந்து வந்தது. பொடி எழுத்து வேதாகமம் ஒன்றின் தாள்களைப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே பெரிய வெள்ளைத் தாள் வைத்துத் தைத்த புத்தகம் அது. ஏறக்குறைய 900 பக்கம். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும், எந்த வசனத்தைப் பற்றி வெளிச்சம் கிடைத்தாலும் அந்த வசனத்துக்கு எதிரே எழுதினார். மரிக்கிற வருஷம் வரை ஏறக்குறைய 28 வருஷம்! 5,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள்!

இதிலே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இடம் போதாதபோதும், அந்த வசனத்தைப் பற்றி வேறொரு நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தாலும், அதை மறுபடியும் எழுதாமல் அந்த நோட்டின் பெயரையும் நம்பரையும் மாத்திரம் வசனத்துக்கு எதிரே குறித்தார். ஆகவே எந்த நோட்டில் எந்த வருஷத்தில் எழுதினதாய் இருந்தாலும், வசனத்தைத் திறந்தால் வழி தெரியும். பொதுச் சிந்தனை நோட்டுக்குத் தனியாக ஒரு அட்டவணையும் சொந்தக் கையால் போட்டு வைத்தார். கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரமே இல்லை. வாத்து இறகும் மையும்தான்.

இன்றைக்கு ஈ-சுவோர்ட், லோகோஸ் போன்ற வேத ஆராய்ச்சி சாஃப்ட்வேர்களில் செய்கிறதும் இதே வேலைதான். வசனத்தைத் தொட்டால் பக்கத்தில் நம்ம குறிப்புக்கு ஒரு வெற்றிடம் திறக்கிறது. அந்த வெள்ளைத் தாள்தான் அது! ஆனால் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். குறிப்பை வசனத்தோடு கட்டி வைப்பது வேறு. குறிப்புக்குள்ளே வசன எண்ணை எழுத்தாக டைப் பண்ணி வைப்பது வேறு. டைப் பண்ணினதைத் தேடும்போது கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் பார்க்கும், அர்த்தத்தைப் பார்க்காது. ஒரு இடத்தில் ரோமர் 8:28 என்றும், இன்னொரு இடத்தில் ரோ. 8.28 என்றும், மூன்றாவது இடத்தில் ரோமர் எட்டாம் அதிகாரம் என்றும் எழுதியிருந்தால் ஒன்று அகப்படும், இரண்டு அகப்படாது. 8:26-30 என்று எழுதினதற்குள்ளே 28-ம் வசனம் அடங்கியிருக்கிறது என்று வெறும் எழுத்துத் தேடலுக்குத் தெரியாது. குறிப்பை வசனத்தோடே கட்டி வைத்தால்தான், அந்தப் பகுதி முழுவதுக்கும் அது உரியது என்பதை நல்ல சாஃப்ட்வேர் புரிந்துகொள்ளும். தமிழில் புத்தகப் பெயரைச் சுருக்கி எழுதுகிறவர்கள் ஒரே விதமாகச் சுருக்கட்டும், சங். என்றால் எப்போதும் சங்.தான்.

சரி, எட்வர்ட்ஸிடம் திரும்புவோம். 1734-35-ல் நார்த்தாம்ப்டனில் எழுப்புதல் பற்றியெரிந்தது. 1737-ல் அதைப் பற்றிய அவருடைய விவரம் லண்டனில் அச்சாயிற்று. 1740 அக்டோபரில் ஜார்ஜ் விட்ஃபீல்டு வந்து அவருடைய சபையில் பிரசங்கித்தார். அப்புறம் குழப்பமும் வந்தது. விழுகிறதும் கத்துகிறதும் எல்லாம் ஆவியானவரா என்று ஜனங்கள் கேட்டார்கள். அதற்கு 1741-ல் 1 யோவான் 4-ஐ வைத்து ஒரு செய்தி, 1746-ல் பக்தியின் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம். சரீரத்தில் நடக்கிறதை வைத்து ஒன்றும் தீர்மானிக்காதே, கனியைப் பார் என்பதே அவர் நிலை. அந்நிய பாஷை போன்ற வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுபோயின என்று நம்பினவர் அவர். அதில் நான் அவரோடு உடன்படவில்லை. ஆனாலும் இந்த ஆராய்ச்சியில் அவரைத் தள்ளிவிட நமக்கு வழியில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அவர் அடிமைகளை வைத்திருந்தார். 1731-ல் நியூபோர்ட்டுக்குப் போய் ஒரு ஆப்பிரிக்கப் பெண்பிள்ளையை விலைக்கு வாங்கினார். அவ்வளவு வசனத்தை அவ்வளவு நெருக்கமாக வாசித்த கண்ணுக்கு இது தெரியாமற்போனது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வாலிப மிஷனரி டேவிட் பிரெய்னார்ட் 1747-ல் எட்வர்ட்ஸ் வீட்டில்தான் மரித்தார். அவருடைய நாட்குறிப்பை எட்வர்ட்ஸ் 1749-ல் புத்தகமாக வெளியிட்டார். 1793-ல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி அந்தப் புத்தகத்தை வாசித்துத் தீ பிடித்தவர். நம்ம தேசத்துக்கும் அந்த மேஜைக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

1750-ல் அந்த சபையே அவரைத் தள்ளிவிட்டது. தாத்தா காலத்து வழக்கப்படி, மனந்திரும்பின சாட்சி இல்லாதவர்களும் திருவிருந்தில் பங்கு பெறலாம். எட்வர்ட்ஸ் கூடாது என்றார். ஓட்டுப் போட்டார்கள், ஏறக்குறைய பத்துக்கு ஒருவர்தான் அவர் பக்கம். ஜூலை 1-ல் 2 கொரிந்தியர் 1:14-ஐ எடுத்து விடைபெறும் செய்தி கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், வேறு போதகர் கிடைக்காததால் அதற்குப் பிறகும் சில மாதங்கள் அவரையே பிரசங்கிக்கக் கூப்பிட்டார்கள்! அவரும் போனார்.

நாற்பத்தேழு வயது, பெரிய குடும்பம், சம்பளம் இல்லை. 1751-ல் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற எல்லைப்புற ஊரில் மொஹிக்கன் இந்தியர்களுக்கு மிஷனரியாகப் போனார். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பிரசங்கித்தார். பதவி போயிற்று, ஆனால் நோட்டுகள் கூடவே போயின. 1754-ல் வெளிவந்த சித்தத்தின் சுயாதீனம் என்ற புத்தகமும், அதற்குப் பிறகு எழுதின ஜென்மபாவத்தைப் பற்றின புத்தகமும் அந்தக் காட்டுப்புற ஊரில்தான் உருவாயின. இருபது வருஷமாகச் சேர்த்த குறிப்புகள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தபடியால், பெரிய நூலகம் இல்லாத இடத்திலும் எழுத முடிந்தது.

1757 செப்டம்பரில் மருமகன் ஆரோன் பர் மரித்தார். அவர் தலைவராக இருந்த பிரின்ஸ்டன் கல்லூரிக்கு எட்வர்ட்ஸை அழைத்தார்கள். அவர் தயங்கினார். மீட்பின் சரித்திரம் முழுவதையும் ஒரு புத்தகமாகவும், பழைய ஏற்பாடு புதிய ஏற்பாட்டோடு இசைந்திருப்பதை இன்னொரு புத்தகமாகவும் எழுத வேண்டும் என்பதே அவர் மனதில் இருந்தது. அந்த நோட்டுகள் எல்லாம் அதற்கான ஆயத்தம். கடைசியில் சம்மதித்துப் போனார். அங்கே பெரியம்மை பரவியிருந்தது, அம்மை குத்திக்கொண்டார். அதுவே வியாதியாகி, 1758 மார்ச் 22-ல், 54 வயதில் மரித்தார். இரண்டு புத்தகமும் எழுதப்படவில்லை. அடுத்த மாதம் மகள் எஸ்தர் மரித்தாள். பேரப்பிள்ளைகளை அழைத்துவரப் போன சாராவும் அக்டோபரில் பிலதெல்பியாவில் மரித்தார்.

மிஞ்சினது காகிதங்கள்தான். அவை சீஷர்கள் கைக்கும், பிறகு மகன், பேரன்மார் கைக்கும் போய், கடைசியில் யேல் பல்கலைக்கழக நூலகத்தை அடைந்தன. 1957 முதல் 2008 வரை 26 தொகுதிகளாக அச்சிட்டார்கள். வசனக் குறிப்பு நோட்டு 1998-ல் வந்தது. வெள்ளைத்தாள் வேதாகமம் 2006-ல், அவர் எழுதின படியே ஆதியாகமம் தொடங்கி வேத வரிசையில் வந்தது. அவர் மரித்து 248 வருஷம் ஆன பின்பு!

இவை இன்டர்நெட்டில் இலவசமாகவும் வாசிக்கக் கிடைக்கின்றன. வருகிற ஞாயிறு நீங்கள் எடுக்கப்போகிற வசனத்துக்கு எதிரே அவர் என்ன எழுதினார் என்று ஒரு தடவை திறந்து பாருங்க. சில வசனங்களில் அரைப் பக்கம் இருக்கும். சில வசனங்களில் வேறொரு நோட்டின் நம்பர் மட்டும் இருக்கும். அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த நோட்டில் அந்தக் குறிப்பு அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.