வெயில் ஏறினால் பாதை சரியும்: சுமை தூக்கியாக வந்து எவரெஸ்ட் தொட்ட டென்சிங்... பனிமலையில் கோடை ஏன் ஆபத்து?

மே மாதம் என்றால் சென்னைக்கு அக்னி நட்சத்திரம். அதே மே மாதம்தான் எவரெஸ்ட் ஏறும் சீசன். குளிர்காலப் புயல்காற்று அடங்கி, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் கிடைக்கும் சில நாட்கள்தான் வாய்ப்பு. அந்த நாட்களை நம்பியே வாழ்ந்தவர் டென்சிங் நார்கே.

யார் இவர்?

1914-ல் பிறந்தவர். பிறந்த தேதி சரியாகத் தெரியாததால், எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட மே 29-ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். டார்ஜிலிங்குக்குப் பிழைக்க வந்து, 1935-ல் பிரிட்டிஷ் குழுவில் சுமை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1936, 1938 பயணங்களிலும் போனார். இரண்டு முறையும் பருவமழை முந்திக்கொண்டதால் குழு பாதியில் திரும்பியது.

திரும்பியது சரியா?

சரிதான். 1922 ஜூன் மாதம், மழைக்காலம் தொடங்கிய பிறகும் ஒரு குழு ஏறிப் பார்த்தது. புதுப் பனி சரிந்து 7 சுமை தூக்கிகள் இறந்துபோனார்கள். மேலே போகிறவர்களின் ஆசைக்கு, சுமை தூக்குகிறவர்கள் கொடுத்த விலை அது.

பனிதானே, வெயில் என்ன செய்யும்?

இரவில் பனி இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற இளகும். ஆழமான பனிப்பிளவுகளை மூடியிருக்கும் பனிப் படலம், பார்க்கத் தரை மாதிரியே இருக்கும். கால் வைத்தால் அவ்வளவுதான். வீடு உயரத்துக்கு நிற்கும் ஐஸ் பாறைகளும் எப்போது வேண்டுமானாலும் சாயும். எவரெஸ்ட் அடிவாரத்தை ஒட்டிய கும்பு பனியருவி ஒரு நாளைக்குச் சுமார் 1 மீட்டர் வரை நகரக்கூடியது. நேற்று இருந்த பாதை இன்று இருக்காது.

அதனால்தான் விடியும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் கிளம்புகிறார்கள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வெயில் உச்சிக்கு வரும் முன்னாடி லோடு இறங்கிட்டா எவ்வளவு நிம்மதியோ, அதே கணக்குதான். ஆனா அங்கே தாமதமானால் காலடித் தரையே போய்விடும்.

கயிறு காப்பாற்றிய உயிர்

1953 ஏப்ரலில் இதே பனியருவியில் எட்மண்ட் ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தார். பனி விளிம்பு உடைந்து உள்ளே விழுந்தார். பின்னால் வந்த டென்சிங், ஐஸ் கோடரியைக் குத்தி, இருவரையும் இணைத்த கயிற்றை இறுக்கிப் பிடித்தார். ஹிலாரி பிழைத்தார். அடுத்த மாதம், மே 29 காலை 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றார்கள்.

அதன் பிறகு?

1954-ல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் முதல் களப் பயிற்சி இயக்குநர். சுமை தூக்கியாக வந்தவர், புதிதாக வருபவர்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுக்கும் ஆசானாக மாறினார். 1959-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1986 மே 9 அன்று காலமானார்.

ஆபத்து இன்னும் தீரவில்லை. 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் ஐஸ் சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதுவும் வெயில் ஏறாத காலை நேரத்தில். மலையேற வருபவர் அந்த இடத்தை சில முறைதான் கடப்பார்; சுமை தூக்குபவரோ திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும்.

கோடையில் பனிமலை போகிறீர்களா?

* விடியும் முன் கிளம்புங்கள், வெயில் ஏறும் முன் ஆபத்தான பகுதியைத் தாண்டுங்கள்.
* கயிறு கட்டாமல் பனியாற்றில் நடக்காதீர்கள்.
* கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பாதிக்கும்.
* புதுப் பனி கொட்டினால் காத்திருங்கள். வழிகாட்டி திரும்பலாம் என்றால் திரும்பிவிடுங்கள். டென்சிங்கும் பலமுறை திரும்பியவர்தான்.