பூட்டிய அரங்கும் பாடிய குரலும்

பால் ராப்சன்! அடிமையாய்ப் பிறந்து, 15 வயதில் பண்ணையிலிருந்து தப்பியோடிய தந்தைக்கு மகனாக, 1898-இல் அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில் பிறந்த கறுப்பினப் பாடகர். சட்டம் படித்தார், அலுவலகத்திலே வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தாளர் அவர் சொல்வதை எழுத மறுத்தார். வழக்குமன்றம் இழந்தவரை மேடை பெற்றது. 1943-இல் பிராட்வேயில் ஒத்தெல்லோவாக நின்றார். 296 முறை நடந்தது அந்நாடகம்.

பாட்டோடு நின்றிருந்தால் சீமான்கள் பாராட்டிக்கொண்டே இருந்திருப்பர். அவரோ கறுப்பினத்தாரைக் கும்பலாய்க் கூடிக் கொல்லும் கொடுமையைச் சாடினார். வேலைநிறுத்தக்காரர் பக்கம் நின்றார். சோவியத் நாட்டைப் புகழ்ந்தார். வந்தது வினை!

1949 ஆகஸ்டில் பீக்சுகில் ஊரருகே அவர் பாடவிருந்த கூட்டத்தில், தொடங்குமுன்பே கும்பல் புகுந்து அடித்தது. செப்டம்பர் 4-இல், தொழிற்சங்கத் தோழர்கள் மனிதச் சுவராய்க் காவல் நிற்க, பாடியே தீர்த்தார். வீடு திரும்பியோரின் பேருந்துகள் மீது கல்மாரி! அரங்குகள் கதவடைத்தன. 1950-இல் அரசு கடவுச்சீட்டைப் பறித்தது. கல்லூரி நாளில் அவர் புகழ்பெற்ற கால்பந்து வீரருங்கூட. அந்நாளில் வெளிவந்த புத்தகமொன்று 1918-இன் தேசிய அணியை அச்சிட்டபோது, பதினொருவர் இருக்கவேண்டிய பட்டியலில் பத்துப் பேரை மட்டும் போட்டது. எவ்வளவு சின்னப் புத்தி!

அவர் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. சோவியத் ஆட்சி யூத எழுத்தாளர்களைச் சிறையிலிட்டு, 1952-இல் சுட்டுக் கொன்றது. அதை அவர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. பெருங்குறை என்றே சொல்வோம். அதற்காக ஒருவர் அவர் பாட்டைக் கேட்க மறுத்தால் அது அவருடைய காசு, அவருடைய காது. மாற்றுக் கட்சிக்காரர் நடித்த படமென்றால் கொட்டகைப் பக்கமே போகாத தோழர்கள் நம்மிலும் உண்டு; போகவேண்டாம். ஆனால் அடுத்தவன் சீட்டு வாங்கும்போது கையைப் பிடிப்பது, கொட்டகைக்காரரை மிரட்டுவது, கல்லைத் தூக்குவது? அங்கேதான் பீக்சுகில் தொடங்குகிறது, தோழர்களே!

ராப்சனோ ஓயவில்லை. 1952-இல் கனடா எல்லையிலே லாரி மீதேறிப் பாடினார். போகக்கூடாதென்று அமெரிக்க அரசு தடுத்த நாட்டின் மக்கள் எல்லைக்கு வந்து கேட்டனர். 1957 அக்டோபரில் வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்கு, நியூயார்க்கிலிருந்து கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். அவர்களும் கம்பி வழியே திருப்பிப் பாடினர். 1958-இல், கொள்கையைக் காட்டிக் கடவுச்சீட்டு மறுக்கமுடியாதென அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே வேல்சுக்குப் போய் அந்த மக்கள் முன் நின்று பாடினார்.